சந்தனம் வைத்த ஐந்து வோல்ட்

பூந்தமல்லியில் எங்கள் பட்டறை இருக்கும் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே கஷ்டம். அங்கே உட்கார்ந்து விமானத்துக்குப் பொருள் செய்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. சின்ன விமானத்தில் வரும் இருபத்தெட்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துத் தரும். பைலட் மேப் பார்க்கிற டேப்லெட்டுக்கு அதில்தான் சார்ஜ் ஏறும்.

அந்த ஆயுத பூஜையன்று இரண்டு பெட்டிகள் மூடி போடாமல் மேஜைமேல் இருந்தன. என் மனைவி பொட்டு வைக்க ஆரம்பித்தால் எதையும் விடமாட்டாள். டிரில்லிங் மிஷின், மீட்டர், கால்குலேட்டர் என்று எல்லாவற்றுக்கும் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் காலை நான் வருவதற்குள் மச்சான், அதாவது அவள் தம்பி, ஒரு பெட்டிக்கு மூடியை முடுக்கி, ஆர்டர் கொடுத்திருந்த பைலட்டிடம் சேர்க்க எடுத்துப் போய்விட்டான்.

மீதி இருந்ததைக் கையில் எடுத்தேன். உள்ளே போர்டின் மேலேயே சந்தனம், இன்னும் ஈரமாக. கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து காட்ட வேண்டிய மீட்டர் ஏழைத் தாண்டியது. ஈரச் சந்தனத்தின் வழியாகக் கரண்ட் கசிந்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கணக்கையே கெடுத்துக்கொண்டிருந்தது.

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"அப்பவே குட்த்துட்டேன் மாமா. அவரு மாட்டிகினு கெளம்பிட்டாரு. இன்னா ஆச்சு?"

பைலட்டின் போன் ஸ்விட்ச் ஆஃப். டேப்லெட் தீப்பிடித்தால் ஓரங்கட்டி இறங்க அது என்ன ஷேர் ஆட்டோவா? இரண்டு பேர் தோள் இடித்து உட்காரும் இடம். போன மாதம்தான் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போன மனிதர். உள்ளே இருப்புக்கொள்ளாமல் சந்துமுனைக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெட்ரோ பாலத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அவர் பறப்பது இந்தப் பக்கமே இல்லை என்பதுகூட உறைக்கவில்லை. என்ன என்று கேட்க வந்த மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

மதியம் அவரே கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், மேல போனதும் சந்தன வாசனை வந்துச்சு. இங்க ஏது சந்தனம்னு தேடினா, உங்க பெட்டி கொதிக்குது. உடனே பிடுங்கிட்டேன்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்ற மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தியா, நான் வெச்ச பொட்டுதான் காப்பாத்திகீது!"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சந்தனக் கிண்ணத்தை எடுக்கப் போய்விட்டாள்.