ஜெலகாத்தின் பெயரில் வந்த இன்னொருத்தி

எல்டோரெட் நகரத்துக் கப்ஸோயா பகுதியில் ஜெலகாத் பால் கடை வைத்திருக்கிறாள். பக்கத்துக் கடையில் நான் தைக்கிறேன். யாரையும் சட்டென்று நம்பிவிடும் சுபாவம் அவளுக்கு இல்லை. பாதிரியாரே ஆயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். கேனில் வரும் பாலை முகர்ந்து பார்ப்பாள், பிறகு கொண்டுவந்தவன் முகத்தையும் பார்ப்பாள்.

"இப்படியே போனா உன் நிழலையே நிறுத்தி விசாரிப்ப, செரோப் அம்மா" என்று நான் கிண்டல் செய்வேன். செரோப் அவள் மூத்த மகள்.

"நிழல் காசு பணத்தத் தொடாது, நாலியாகா. அதனால பயமில்ல" என்பாள்.

அவள் கணவர் கிப்தானுய் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாந்தமான மனிதர், குரலை உயர்த்தியதே இல்லை. பால் விற்ற பணத்தில் ஜெலகாத் மனை வாங்கினாள், வாத்தியார் சம்பளத்தில் வீடு எழும்பியது. பத்திரம் மட்டும் அவர் பெயரில். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு கட்டிப் பல வருடம் கழித்து அவர் நடவடிக்கை மாறியது. கைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போனார். மணி அடித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். மாதக் கடைசியில் என்றும் இல்லாத வழக்கமாக இறைச்சி வாங்க அவளிடம் காசு கேட்டார். பெண் விவகாரம் என்றே ஜெலகாத் முடிவு செய்தாள். சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தாள். சாக்பீஸ் வாசனைதான் வந்தது.

ஒருநாள் கடையில் மின்சாரம் போய்விட்டது. பாலை வீட்டுக் குளிர்பெட்டிக்கு மாற்றலாம் என்று அவள் நடுப்பகலில் வீட்டுக்குப் போனாள். அளவுநாடாவோடு ஓர் இளைஞன் சுவரை அளந்துகொண்டிருந்தான். கேட்டருகே வாத்தியார் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"சொத்து வரிக்கு அளக்குறாங்க" என்றார்.

அந்த வருடத்துச் சொத்து வரியை அவளே வரிசையில் நின்று கட்டியிருந்தாள். வரிக்காரர்கள் சமையலறையை அளந்து, தண்ணீர்த் தொட்டியைப் படமெடுத்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டை ஈடாகக் கேட்கும் வங்கிதான் இப்படி அளக்கச் சொல்லும் என்று கணக்குப் போட்டபடி தேநீர் போடப் போனாள். அதற்குள் வாத்தியாருக்குக் கைபேசியில் அழைப்பு வர, அவர் தெருமுனைக்கு நடந்தார். அவள் ஒரு கோப்பை தேநீரோடு இளைஞனிடம் போனாள்.

"வெயில்ல நிக்குறீங்களே தம்பி. வங்கிக்கு எப்போ குடுக்கணும் இத?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள, அம்மா. நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?"

"பால் கொண்டாந்தேன்."

"நல்ல வீடு. கடன் கிடைச்சிரும். வீட்டுக்காரம்மாவும் நேத்தே வக்கீல்கிட்ட சம்மதக் கையெழுத்து போட்டாச்சு. நான் அங்கதான் இருந்தேன். சிவப்பா, ஒல்லியா, ரொம்ப மரியாதையானவங்க."

ஜெலகாத் கறுப்பு, நல்ல பருமன். மரியாதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்று அவள் வீட்டில் சண்டை போடவில்லை. மறுநாள் காலை கடையைத் திறக்காமல் என்னை இழுத்துக்கொண்டு நிலப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். தேவாலயத்தில் தந்த திருமணச் சான்றைக் கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்தாள். தன் சம்மதம் இல்லாமல் அந்த நிலத்தின் மேல் எதையும் பதியக் கூடாது என்று தடை மனு கொடுத்தாள். ரசீது வாங்கி, முத்திரை தெளிவாக விழவில்லை என்று மறுபடி குத்த வைத்தாள். அங்கிருந்து நேராக, வாத்தியார் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு. கடன் பிரிவு அதிகாரி அவளைப் பார்த்தார், கையிலிருந்த சான்றைப் பார்த்தார், கடன் கோப்பினை மூடிவிட்டார்.

சாயங்காலம் வாத்தியார் தானாகவே கடைக்கு வந்து பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். ஜெலகாத் என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லுங்க வாத்தியாரே. யாரு அந்தப் புதுப் பொண்டாட்டி?"

"நம்ம சரித்திர வாத்தியாரோட தங்கச்சி. ஒரு கையெழுத்துக்கு அஞ்சாயிரம் குடுத்தேன்."

பிறகு மெல்ல மெல்ல மீதியும் வந்தது. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு நண்பர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் நின்றிருந்தார். நண்பர் வேலையை விட்டுவிட்டு எங்கோ மறைந்தார். தவணையை இவர் சம்பளத்தில் பிடித்தார்கள். வீட்டில் சொல்ல வெட்கம். கைபேசியில் கொடுக்கும் கடனை எடுத்தார், அதை அடைக்க இன்னொன்று, அதற்கு வேறொன்று. எல்லாம் சேர்ந்து ஆறு லட்சம் ஷில்லிங்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லித் தர்ற ஆளு" என்றாள். "சரி, வங்கில எவ்வளவு கேட்டீங்க?"

"பதினஞ்சு லட்சம்."

"மிச்சம் ஒம்போது?"

"மினிபஸ் ஒண்ணு வாங்கி ஓட்டலாம்னு... அந்த வருமானத்துல கடன அடைச்சிரலாம்னு..."

ஜெலகாத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுவாரம் சந்தையில் அந்தத் தங்கச்சியைப் பிடித்துவிட்டாள். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண் தக்காளியைக் கீழே போட்டாள்.

"பயப்படாத கண்ணு" என்றாள் ஜெலகாத், சந்தைக்கே கேட்கிற மாதிரி. "என் இடத்துல கையெழுத்து போட்டியாமே. அந்த இடத்துல வேற வேலையும் கெடக்கு. அவரு சட்டை ஆறு ஊறிட்டிருக்கு, வந்து துவைச்சிட்டுப் போ."

அந்தப் பெண் அழுதுகொண்டே ஐயாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தாள். ஜெலகாத் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

வாத்தியாரின் பழைய காரை விற்றார்கள். கைபேசிக் கடன்களில் வட்டி கடுமையாக இருந்தவற்றை அந்தப் பணத்தில் முதலில் அடைத்தாள். மீதியைப் பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தாள். மூன்று வருடம் அந்த வீட்டிலிருந்து யாரும் புதுத்துணி தைக்க என்னிடம் வரவில்லை. வாத்தியார் பள்ளிக்கு நடந்தே போனார், உடம்பு இளைத்து வயது குறைந்தவர் போல ஆனார். பத்திரத்தில் இப்போது இரண்டு பெயரும் இருக்கின்றன.

ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றாகத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த ஒன்பது லட்சத்தைப் பற்றி அவள் கேட்கிறாள். மினிபஸ் என்றுதான் அவரும் சொல்கிறார்.

"அப்ப உண்மையாத்தான் இருக்கும், விடேன்" என்றேன் ஒருமுறை.

"ஒரு வார்த்தை மாறாம அதையே சொல்றாரு, நாலியாகா" என்றாள். "நடந்தத சொல்றவங்க அப்படியா சொல்லுவாங்க?"

அவள் எழுந்து, புதிதாக வந்திறங்கிய கேனின் மூடியைத் திறந்தாள்.