கேட்டித்து வாங்க

நம் வீட்டு வாசலுக்கு மேலே தொங்கும் நீலப் பலகையைப் பார்த்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டப் பழகினீர்கள். ‘கேட்டித்து வாங்க’ என்று அதில் எழுதியவன் நான். எழுத்துகள் கோணலாகத்தான் நிற்கின்றன. போன கிழமை தம்பி அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்பா, ‘கேட்டுவிட்டு வாருங்கள்’ எண்டு திருத்தி எழுதட்டா? பாக்கிற ஆக்கள் சிரிக்காங்க” என்றான். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று நீ கேட்டாய், மகள். வவுணதீவில் வயல்வேலை செய்யும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் நீ. வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தம்பியும் வாசிக்கட்டும்.

எனக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. சண்டை வந்து அது மூடப்பட்டபோது வலை இழுக்கப் போனேன். தெரிந்திருந்த நாலு எழுத்தும் உப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, வாகரைப் பக்கத்து முகாமில் உங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்த நாட்களில்தான் ரீச்சர் வந்தார். என்னைவிட வயதில் இளையவர். நிவாரணம் கொடுக்க வந்த ஒரு அமைப்பு தகரக் கொட்டில் ஒன்று போட்டு, அவருக்குச் சிறிய சம்பளமும் கொடுத்து, பெரியவர்களுக்குப் படிப்பிக்கச் சொல்லியிருந்தது.

நான் பயந்துகொண்டுதான் போனேன். அணில் படமும் ஆடு படமும் காட்டுவார், தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. பாயில் எங்களோடு சமமாக உட்கார்ந்து, “உங்களுக்கு முதல்ல எந்தச் சொல்லு எழுதத் தெரியோணும்?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பக்கத்துக் கூடாரத்து மாமி, “வாழைச்சேனை” என்றா. “பஸ் போர்ட்டப் பாத்து நானே ஏறோணும். ஏத்தி விடுங்க தம்பி எண்டு ஒருத்தன்ர வாயையும் பாத்துக்கொண்டு நிக்கேலாது.” மாமிக்கு வாழைச்சேனையிலிருந்தே பாடம் தொடங்கியது.

ரீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய சிலேட்டையும் தானாக எடுக்கமாட்டார். கையை நீட்டி, “பாக்கவா அண்ணன்?” என்று கேட்பார். வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் போவார், முகம் சுளிக்கமாட்டார். எழும்பி நின்று வாசி என்று ஒருநாளும் யாரையும் சொன்னதில்லை. அந்த நாட்களில் முகாமுக்கு வந்த எல்லோரும் ‘உங்கள் வீட்டில் யார் செத்தது, எப்படிச் செத்தது’ என்று கேட்டார்கள். ரீச்சர் மட்டும் அதைக் கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னதும் அந்தக் கொட்டிலுக்கு வெளியே போகவில்லை. மற்றபடி எங்கள் வகுப்பில் சிரிப்புக்குக் குறைவில்லை. என் ‘ப’வைப் பார்த்து மாமி, “என்ன மருமகன், எழுத்தா தோணியா? ரெண்டு பேர் ஏறி இருக்கலாம் போல கிடக்கு” என்பா. ரீச்சரும் சிரிப்பார். ஆனால் அவரே தொடங்கிச் சிரித்ததில்லை.

எழுத்துச் சேர்க்கப் பழகிய பிறகு நான் எழுதக் கேட்ட சொல் ‘போயித்து வாறன்’. கடல் வந்த அன்று காலை உங்கள் அம்மா வேலிக் கடப்படியில் நின்று சொன்ன சொல் அது. கரைவலை இழுக்கும் இடத்தில் மீன் வாங்கக் கூடையோடு போனா. நான் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாவிப்பக்கம் போகப் புறப்பட்டதால் நின்று பேசவில்லை. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. சேலைத்துண்டு கூட மிஞ்சவில்லை. அந்தச் சொல் மிஞ்சியது. ரீச்சர், “புத்தகத்தில ‘போய்விட்டு வருகிறேன்’ எண்டு எழுதுவாங்க அண்ணன். ரெண்டும் தெரிஞ்சிருக்கோணும். எது வேணும் எண்டு நீங்கதான் சொல்லோணும்” என்றார். எனக்கு உங்கள் அம்மா சொன்னதுதான் வேண்டும் என்றேன். சொன்னபடியே எழுதக் காட்டித் தந்தார்.

பிறகு ஒருநாள் அந்த அமைப்பின் அதிகாரி ஒருவர் படம் பிடிக்கும் ஆளோடு வந்தார். வெளியூர்க்காரர். செருப்போடு பாயை மிதித்துக்கொண்டு வந்து என் சிலேட்டை எடுத்தார். “போயித்தோ? இது என்ன தமிழ் ரீச்சர், இப்பிடியோ படிப்பிக்கிறீர்?” என்று சிரித்தார். என் கதை அவருக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. “தம்பி, இதை அழிச்சுப்போட்டு வடிவா எழுதி நெஞ்சில பிடியும். மனிசியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லும். காசு தாற ஆக்கள் பாக்க வேணும்.”

ரீச்சர் எழும்பினார். அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். “சேர், அது பிழை இல்ல, அவர்ர சொல்லு. அத அழிக்கச் சொல்ல எனக்கும் உரிமை இல்ல. படம் எடுக்கிறதெண்டா அவருக்கிட்டக் கேளுங்க.”

“உமக்குச் சம்பளம் நாங்கள்தானே தாறம்?”

“ஓம் சேர். படிப்பிக்கத்தான் தாறீங்க. இவங்களக் காட்டுறதுக்கு இல்ல.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணன், உங்களுக்கு விருப்பமா?” என்று கேட்டார். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். எனக்காக அவரே ‘மாட்டார்’ என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் பதில் எதுவானாலும் அது என் வாயிலிருந்து வர வேண்டும் என்று நின்றார். நான் ‘ஓம்’ என்றிருந்தால் அவர் தடுத்திருக்கமாட்டார், அவருடைய சம்பளமும் தப்பியிருக்கும். எழுத்துத் தெரியாதவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. விரலைப் பிடித்து மையில் அமுக்குவார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள், அவன் வீட்டுச் சாவைக் கதையாகக் கொண்டுபோவார்கள். அன்றுதான் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் எழும்பி, “ஏலாது. என்ர சிலேட்டத் தாங்க” என்றேன்.

தந்தார். அடுத்த கிழமை ரீச்சரின் சம்பளத்தை நிறுத்தினார்கள். தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மாமி வெறும் நிலத்தைப் பார்த்து, “தகரத்தத்தானே கொண்டு போனாங்க. ‘வாழைச்சேனை’யக் கொண்டு போகலையே” என்றா. பூவரச மரத்தடியில் பாயை விரித்தோம். ரீச்சர் சம்பளம் இல்லாமலே வந்தார். எங்களால் முடிந்தது அவருக்கு மீன்தான். கரையொதுங்கிய தோணிப் பலகை ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த நீலப் பெயின்றை அடித்து, என்ன எழுதுவது என்று எல்லோருமாகப் பேசி, எழுதும் வேலையை எனக்குத் தந்தார்கள். “நாம பேசுறபடியே எழுதுங்க மருமகன்” என்று மாமி சொல்லிவிட்டா. கதவும் இல்லை, சுவரும் இல்லை. அப்படிப்பட்ட வகுப்புக்கு மரக்கொப்பில் ‘கேட்டித்து வாங்க’ என்று பலகை தொங்கியது. போகிறவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் பாய் ஓரத்தில் நின்று, “வரலாமா?” என்று கேட்கப் பழகினார்கள்.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. ஒரு கையில் தம்பி, மறு கையில் நீ, முதுகில் கட்டிய பலகையோடு நான் ஓடினேன். “அரிசிய விட்டித்துப் பலகையத் தூக்கிறாரே மனிசன்!” என்று மாமி அந்த ஓட்டத்திலும் ஏசினா. சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது நம் வீட்டுக்குக் கதவு வருமுன்பே பலகை மாட்டியாயிற்று. ரீச்சர் இப்போது குருக்கள்மடத்தில் இருக்கிறார். இன்றைக்கும் பெரியவர்களுக்குத்தான் படிப்பிக்கிறார்.

மகள், அந்தப் பலகையை நீ வவுணதீவுக்குக் கொண்டுபோ. உன் வகுப்பில் இருப்பவர்களுக்கு உன்னைவிட வயது கூட இருக்கும், பட்டதும் கூட இருக்கும். அவர்களுடைய சிலேட் உன்னுடையது அல்ல. சம்பளம் தருகிறவர் வந்து காட்டு என்றாலும் அதுதான் கணக்கு. தம்பி, பெயின்றை மூடி வை. ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. இந்தத் தமிழைத் திருத்த வேண்டும் என்று அங்கே யாராவது வந்தால், மகள், அவருக்குப் பலகையைக் காட்டு. முதலில் கேட்டித்து வரட்டும்.