அத்தை கேட்ட மாத்திரை

"கேஸ் வந்தது. இவரும் வந்தார்."

மாதக் காலண்டரில் ஆடி அமாவாசைக்கு இரண்டு கட்டம் தள்ளி அம்மா பென்சிலால் எழுதிய குறிப்பு இது. வருடம் இருந்த மேல்பகுதி கிழிந்துவிட்டது. நான் அப்போது ஆறாம் வகுப்பு என்பதால் அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவரைச் சிலிண்டருக்குப் பின்னால் எழுதியது ஏன் என்று அம்மாவிடம் பிற்காலத்தில் கேட்டேன். "அவரு எப்பிடியும் வருவாருன்னு தெரியும். கேஸு வருமான்னுதான் தெரியல" என்றாள்.

அப்பா கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் அடைப்பை நீக்கி, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. அணைத்து வைத்த டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வெடுக்கச் சொன்னதால் எடுக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். சாத்துக்குடியோடு பார்க்க வந்த ஆலை நண்பர்கள், டாக்டர் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கும் ஆளைப் பார்த்ததில்லை என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் கேள்விகளை அப்பாவிடம் கேட்டார். பதில்கள் அம்மாவிடமிருந்து வந்தன.

"தூக்கம் வருதா?"

"நல்லா தூங்கறாரு டாக்டர்."

"சாப்பாடு?"

"குடுக்கறத துன்னுடறாரு."

வேறு யாரையோ பற்றிய பேச்சு போல அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அப்பா வீட்ல என்ன பண்றாரு?"

"குந்தினே இருக்காரு. அம்மா மாத்திர குடுத்துட்டு உள்ள போனதும் ஜன்னலாண்ட போயி துப்பிடறாரு."

இதில் விசேஷம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. காய்ச்சல் மாத்திரையை நானும் துப்புவேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்டென்ட் வச்சப்புறம் இந்த மாத்திரைய விட்டா உயிருக்கே ஆபத்து. சொன்னேன்ல?"

"தெரியும் சார்" என்றார் அப்பா. "தெரிஞ்சுதான் துப்பறேன்."

டாக்டர் திட்டவில்லை. எழுந்து வந்து, மேல் மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம் அவரே எங்களை அழைத்துப் போனார். படியேறும்போது அம்மா விடவில்லை. "நெஞ்சுலதான டாக்டர் இவருக்குக் கோளாறு? தலையில இன்னா?"

"ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதானேம்மா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏறினார்.

திரும்பி வருகையில், மின்சார ரயிலில் அம்மா என் காதில் சொன்னாள்: "புது மாத்திரைய யாரு கேட்டாலும் ஹார்ட்டு மாத்திரன்னு சொல்லு. மாடி டாக்டரப் பத்தி மூச்சு வுடாத."

அன்று முதல் அப்பா விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை அம்மா எதிரிலேயே நின்றாள். அவர் எதிர்க்கவுமில்லை.

சில வாரங்கள் கழித்து, அப்பாவின் அக்கா, என் அத்தை, ஊத்துக்கோட்டையிலிருந்து வந்தாள். மாத்திரை அட்டைகளை மடியில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாடி, புச்சா இருக்குது?"

"ஹார்ட்டு மாத்திர அத்த" என்றேன்.

"எங்கூட்டுக்காரருக்கும் ஹார்ட்டுதான? இத எழுதலியே அவர பாக்கற டாக்டரு! மெட்ராஸுல பாத்தா ஒரு மாத்திர, எங்க ஊர்ல பாத்தா ஒரு மாத்திரயா? ரெண்டு குடுடா தம்பி, மாமாவுக்குப் போட்டுப் பாக்கறேன்."

அப்பாவின் தோள்கள் குலுங்கின. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. அம்மாவோ தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்: "ஐயோ, சிரிக்காதீங்க! ஹார்ட்டு!"

அத்தைக்கு மாத்திரை கிடைக்கவில்லை. அந்த மனவருத்தம் பொங்கல்வரை நீடித்தது. அதற்குள் அப்பா ஸ்டேஷன்வரை நடக்கத் தொடங்கியிருந்தார். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் ஒரு பொய்யைக் கட்டிக் காப்பதாக நான் நம்பியிருந்தேன். மாரடைப்புக்குப் பின் பலரை மனச்சோர்வு பிடிக்கும் என்பதையும், அது மூளையோடு நின்றுவிடாமல் தூக்கத்தையும் நாடித்துடிப்பையும் கெடுத்து, மருந்தின் மேலேயே வெறுப்பை உண்டாக்கி, மறுபடி இதயத்துக்கே வந்து சேரும் என்பதையும் பின்னாளில்தான் படித்தேன். அம்மா சொல்லச் சொன்னது ஏறக்குறைய உண்மை. அது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

எதிர்த் திசையிலும் நடக்கும் என்கிறார்கள்: நெடுநாள் மனச்சோர்வு இதய நோய்க்கு வழி திறக்கலாமாம். வருடா வருடம் என்னை ஆலைக்கு அழைத்துப் போகும் அப்பா, மாரடைப்புக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு அழைத்துப் போகவில்லை; கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுதும் படுத்திருந்தார் என்கிறாள் அன்று வீட்டுக்கு வந்திருந்த அத்தை. அன்று அவருக்குக் காய்ச்சல் என்கிறாள் அம்மா. அப்பாவுக்கு நினைவில்லை. அது காய்ச்சலா, மனச்சோர்வின் தொடக்கமா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.