வசந்தாவின் வெள்ளிக்கிழமைப் பின்னல்

நீடாமங்கலத்திலிருந்து வசந்தாதான் போன் செய்தாள். "டீச்சர், நம்ம டீச்சர் போயிட்டாங்க."

மூன்றாம் வகுப்பில் வசந்தாவுக்குப் பாடம் நடத்தியவள் நான். அஞ்சலை டீச்சர் பக்கத்து வகுப்பு. ஆனால் அவள் வாயில் 'நம்ம டீச்சர்' என்றால் அஞ்சலை டீச்சர்தான். நான் வெறும் டீச்சர். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

கூலித் தகராறு முற்றி, அறுப்பு நின்று, வயலெல்லாம் சங்கத்துக் கொடி நட்டிருந்த வருடம் அது. வசந்தா மிராசுதார் வீட்டுப் பெண். தாய் இறந்திருந்தாள். தகப்பனார் கோர்ட்டு, வக்கீல் என்று தஞ்சாவூருக்கு அலைந்துகொண்டிருந்தார். வகுப்பில் அவள் தலையைச் சொறிவாள், தூங்கி விழுவாள். நெல் கொட்டிக் கிடக்கிற வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை, திமிர்தான் என்று முட்டி போட வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சலை டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"எல்லாப் பொண்ணுங்களும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்திருக்கு. வசந்தாவுக்கு மட்டும் போன வெள்ளிக்கிழமை இருந்த அதே பின்னல், அதே முடிச்சு. கவனிச்சீங்களா?"

"என் வகுப்ப நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. பின்னலை அவிழ்த்தார். ரிப்பன் முடியோடு ஒட்டிக் கிடந்தது. அடியில் பேன், சீழ் பிடித்த புண்.

"யாரும்மா தலை வாரி விடுறது?"

"யாருமில்ல டீச்சர். வேலைக்காரங்க வர்றதில்ல."

"சாப்பாடு?"

"அப்பா வந்தா வாங்கிட்டு வருவாங்க."

அன்று சாயங்காலமே வசந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனார். அவர் கூலிக்காரர் வீட்டுப் பெண், அண்ணன் சங்கத்துக்காரர். நானும் பின்னாலேயே போனேன். துணைக்கு அல்ல, அவர் அவமானப்படுவதைப் பார்க்க.

"கொடி நட்டது பத்தாதுன்னு வீட்டுக்கும் வந்துட்டீங்களா?" என்றார் மிராசுதார்.

"வயல் விஷயமா வரலீங்க. புள்ளை தலையில சீழ் வச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, நான் போகட்டுமா?"

அவர் மகளின் தலையைக் குனிந்து பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பாபநாசத்திலிருந்த வசந்தாவின் அத்தைக்குக் கடிதம் எழுதி வரவழைத்ததும் அஞ்சலை டீச்சர்தான். அத்தை வந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பின்னலைப் பார்க்க வந்துவிடுவார். "இல்லாத வீட்டுப் புள்ளைன்னா கேட்டுடுறோம். இருக்கிற வீடுன்னா நாம கேக்குறதே இல்ல டீச்சர்" என்றார். நாம என்று அவர் சொன்னது தாட்சண்யத்துக்காக. கேட்காதவள் நான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை டீச்சரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வசந்தா தலைமாட்டில் உட்கார்ந்து நரைத்த முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீப்பை நீட்டினாள். "நீங்களும் வாருங்க டீச்சர்." வாங்கி வாரினேன்.

அவர் வசந்தாவின் பின்னலை அவிழ்த்த நாளிலிருந்து, ஓய்வு பெறும் வரை எந்த வெள்ளிக்கிழமையும் நான் பின்னல்களைப் பார்க்காமல் பாடம் தொடங்கியதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வை. பொறாமையும் மிஞ்சியிருக்கிறது. நான் போகும்போது சிக்கெடுக்க எனக்கொரு வசந்தா இல்லை.