தையற்காரர் பாதத்தில் ஊதாப் புள்ளி

காரிமங்கலத்துத் தையற்காரர் அப்துல் சுபானின் இரண்டு பாதங்களிலும் ஊதாப் புள்ளி இருக்கிறதாம், மூன்று வாரமாகக் குளித்தும் அழியவில்லையாம். 1971இல் இப்படி ஒரு பேச்சு கிளம்பியது. சிலர் அதை அருள் என்றார்கள், சிலர் நல்ல மை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரிக்கப் போனேன்.

சனிக்கிழமைதோறும் தருமபுரியிலிருந்து ஒரு டாக்டர் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சர்க்கரை வியாதிக்காரர்களைப் பார்த்து வந்தார். அவர் பார்ப்பதற்கு முன் நர்ஸ் ராஜமேரி ஒவ்வொருவர் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார். பாதத்தின் மேல்புறத்தில் ஒரு நாடி உண்டு. ரத்தம் அதுவரை ஒழுங்காக வருகிறதா என்பதை அது சொல்லிவிடும். நாடி அகப்பட்டால் அந்த இடத்தில் ஊதா மையால் புள்ளி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அகப்படாதவர் டாக்டருக்காகப் பெஞ்சில் உட்கார வேண்டும்.

சுபான் பாயை உட்காரச் சொன்னார்கள். அவருக்கு முன்னால் போன தபால்காரர் மதலைமுத்துவோ இரண்டு காலிலும் புள்ளியோடு வெளியே வந்தார். இருவருக்கும் ஒரே வருஷம் வந்த வியாதி. சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கும் குழாயில்கூட மதலைமுத்துவுக்குச் சர்க்கரை குறைவு என்று பச்சை நிறம், பாய்க்கு அதிகம் என்று செங்கல் நிறம். அந்த எரிச்சலே ஆறவில்லை, அதற்குள் இது.

"என்ன பாய், ஒங்களுக்குப் புள்ளி வெக்கலியா?" என்று மதலைமுத்து கேட்டுவிட்டுப் போனார்.

பாய் டாக்டரைப் பார்க்காமலே பெஞ்சிலிருந்து எழுந்தார். கடைக்கு வந்து, ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு, தானே இரண்டு புள்ளி வைத்துக்கொண்டார். காலையில் குளித்ததும் புதுப்பித்தார். இதை என்னிடம் சொன்னது அவர் மனைவி ஹமீதுன்னிசா.

"பள்ளிவாசலுக்குப் போறப்ப ரெண்டு எடத்துல நின்னு செருப்பு வாரை இழுத்து வுடுவாருங்க. வாரு நல்லாத்தான் இருந்துச்சு. கெண்டைக்கால் புடிச்சுக்கும், அதை வெளிய சொல்ல மாட்டாரு."

மிஷினின் மிதிகட்டை உரசி இடது சுண்டுவிரலில் புண் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை, சர்க்கரையில் பாதம் மரத்திருந்தது. வலித்தால்தானே தெரியும்! அந்தக் கால் போனால் மிஷினும் போய்விடும், மிஷின் போனால் அடுப்பும் போய்விடும்.

மதலைமுத்துவின் புள்ளி நாலு நாளில் அழிந்துவிட்டது. பாயின் புள்ளி மட்டும் மூன்று வாரமாகப் பளபளவென்று இருப்பதைத் தினமும் தபால் கொடுக்கும்போது பார்த்தார். பொறுக்க முடியாமல், அடுத்த சனிக்கிழமை நேரே ராஜமேரியிடம் போய் நின்றார்.

"இது நியாயங்களா, நர்ஸம்மா? பாய்க்கு மாசக் கணக்குல நிக்கிற மை. எனக்குத் தண்ணி பட்டா ஓடுற மை. நானுந்தானே வியாதிக்காரன்?"

"எந்தப் பாய்? அவருக்கு நான் புள்ளியே வெக்கலியே!"

சொன்ன கையோடு ராஜமேரி எழுந்து தையல் கடைக்கு நடந்தார். இடது பாதத்தில் நாடியைத் தேடினார். அகப்படவில்லை. சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கே பாயைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அங்கே விரலை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம் அங்கிருந்த டாக்டர். பாய் குடிக்கும் பீடியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான் போனபோது பாய் ஒன்பது கால்விரலோடு மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். பேச்சு பொய்யில்லை, புள்ளி மூன்று வாரம் இருந்தது உண்மைதான் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் கடையில் இன்னொரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை நல்லதா சொன்னா என்னங்க? அந்த ஆளாலதானே கால் நின்னுச்சு?" என்றார் ஹமீதுன்னிசா.

"கோள் சொல்லப் போனவனுக்கு நன்றியா? என் காலைக் காப்பாத்தவா போனான்? என் புள்ளியப் பாத்து வயிறெரிஞ்சு போனான்!"

வாசலில் மதலைமுத்து ஒரு கார்டை நீட்டியபடி நின்றிருந்தார். "எரிஞ்சுதுதான் பாய், இல்லேன்னு சொல்லலியே. கால் பொழைச்சுதா இல்லியா?"

பாய் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கார்டை அங்க வெச்சுட்டுப் போ."

மதலைமுத்து கார்டை வைத்தார். போகவில்லை.