மழைக்குக் காத்திருந்த சுற்றுலா

ரப்பர் வெட்டுகிறவர்கள் கூட்டமாக நின்று, மழை வராதா என்று வானத்தைப் பார்த்ததை நான் ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அருமனைக்கு அப்பால் ஒரு தோட்டம். மரங்களுக்கு மழைமறைப்பு கட்டாத தோட்டம் என்பதால், விடியுமுன் மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. மழையைத் திட்டிக்கொண்டேதான் எங்களுக்குப் பொழுது விடியும். அந்த வாரம் மட்டும் வெயிலைக் கண்டு முகம் சுளித்தோம்.

காரணம் ரைட்டர் அக்கா. வருகை எழுதுவதும் ரப்பர்ப் பால் அளப்பதும் அவர் வேலை. இரண்டு வெட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கேரளத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். இன்னும் ஒருவர் குறைந்தால் தோட்டத்தையே காண்டிராக்டில் விட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். விட்டால் வெளியாட்கள் வருவார்கள், எங்கள் எல்லோருக்கும் வேலை போகும். கூலியை உயர்த்த அக்காவால் முடியாது. எல்லோரையும் ஒரு நாள் சந்தோஷமாக வெளியே கூட்டிப்போக முடியும் என்று நினைத்தார். குறையப்போகிற அந்த ஒருவன் நான்தான். கேரளத்தில் பத்தனம்திட்டா பக்கம் ஒரு தோட்டத்தில், யாரிடமும் சொல்லாமல் பேசி முடித்திருந்தேன். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டவன் நான். ஓரிடத்தில் கொஞ்ச நாள் சேர்ந்தாற்போல இருந்தால் உள்ளங்காலில் எறும்பு ஊரும்.

என்ன ஆசை என்று அக்கா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். ஒருவருக்கு அருவிக் குளியல், ஒருவருக்குப் போத்திறைச்சி என்கிற எருமைக்கறி, பால் சுமக்கும் மாமிக்கு வண்டியில் ஜன்னலோரம். கூலி போகக் கூடாது என்பதால், முதல் மழை நாளில் புறப்படுவது என்று முடிவானது. வாடகைக்குப் பேசிய வேன்காரர் மட்டும் சிரித்தார். "மழ பெய்யும்போ வாண்ணு சொன்னா, நான் என்ன தவளையாக்கா?"

ஒரு விடியலில் மழை கொட்டியது. கைதட்டிக்கொண்டே ஏறினோம். என் துணிப்பையை யாரும் பார்க்காமல் இருக்கைக்கு அடியில் தள்ளினேன். திற்பரப்பு அருவியில் பாறையே தெரியாமல் செம்மண் நிறத்தில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை, கயிறு கட்டியிருந்தார்கள்.

"மழையத்து எவனாம் அருவிக்கு வருவானா? எங்க உள்ளவங்க நீங்க?" என்றார் காவலாளி.

"ரப்பர் வெட்டுக்காரங்க" என்றார் மாமி.

"அதான பாத்தேன்."

மழை என்றால் வேலை இல்லாத நாள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அருவியிலும் தண்ணீர் ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா வேனில் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். அப்போது, அருவிக் குளியல் கேட்டிருந்தவர், பக்கத்துக் கடையின் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் சோப்போடு போய் நின்றார். "அக்கா, அருவி இங்கோட்டு வந்தாச்சு!"

"ஏலே, முதுகு தேச்சு விட ஆளு வேணுமா?" என்று மாமி கத்த, அக்காவும் சிரித்துவிட்டார். வேனுக்குள் நெருக்கியடித்து மரச்சீனிக் கிழங்கும் போத்திறைச்சியும் தின்றோம்.

திரும்பும் வழியில், கேரள எல்லையான களியக்காவிளைக்குப் பஸ் கிடைக்கும் முக்கில் வேன் நின்றது. வேன்காரர் திரும்பி, "இங்க ஒரு ஆளு எறங்கும்ணு சொன்னியளே அக்கா?" என்றார். சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை.

"மக்களே, பஸ்ஸு இப்பம் வரும். போணும்ணா வயிறு நெறஞ்சு இருக்கும்போ போ. ஒளிஞ்சு போண்டாம்" என்று முன்னால் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

நான் பையை எடுத்துக் கதவைத் திறந்தேன். ஒரு கால் படியில். அவர் எனக்கென்று ஒரு நிறுத்தத்தையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தது என்னை அசையவிடவில்லை.

"எறங்குதியா, கதவ அடைக்கியா?" என்றார் மாமி. "மழ உள்ள அடிக்குது."

கதவை அடைத்தேன்.

அந்த வருடம் அங்கேயே வெட்டினேன். பிறகு போனேன், போகாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் என் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு முன் எந்த வேலையையும் அப்படி விட்டதில்லை.

இப்போது நான் இருக்கும் கிடங்கில், ஆண்டுக்கொரு முறை ஒரே நிறச் சட்டை கொடுத்து ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். நேரத்திலோ சாப்பாட்டிலோ ஒரு பிசகும் இருக்காது. போன முறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க அவரோடு இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான். எனக்கும் தெரியவில்லை.