ஊ லீவர் போய்ச் சேர்ந்தார்

ஊ லீவர் காலமானார். இன்று மத்தியானம் செய்தி வந்தது... லத்தா சீனக் கடைத்தெருவில், ரிப்பேருக்குப் போன இடத்திலேயே.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஊ லீவர் ஆள் இல்லை. போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் நான் வேலை பார்க்கும் அரிசிக் கிடங்கின் பழைய வேட்டைத் துப்பாக்கி. கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். போக வேண்டும்.

ஆளாளுக்கு வந்து "என்னய்யா ஆச்சு" என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் மெஸ் பலகையில் எழுதி ஒட்டுகிறேன். கீழே இடம் இருந்தால் நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள்.

உண்மையைச் சொன்னால் அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருக்கிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை வீட்டு ஏலத்தில் எங்கள் முதலாளி எடுத்தது. அப்போதே கிழம். கட்டையில் வார்னிஷ் இல்லை, குறி பார்க்கும் முள் இல்லை. முதலாளி மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"ஊ" பட்டம் கொடுத்தது மா டின் அக்கா. கிடங்குக் காவலுக்கு இருக்கும் கோவிந்தசாமி அண்ணனின் சம்சாரம், த்வாண்டே ஊர்ப் பர்மாக்காரர். பர்மாக்காரர்கள் பெரியவர்களை ஊ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். "இவ்ளோ வயசாளியை வெறும் பேரு சொல்லிக் கூப்பிட்டா பாவம்" என்றார் அக்கா.

ஒருமுறை அக்காவின் அப்பா வயலுக்கு முதலாளி பன்றி சுடப் போனார். அண்ணனும் நானும் கூடப் போனோம். பன்றியும் வந்தது. முதலாளி லீவரை இறக்கினார்... லீவர் கையோடு வந்துவிட்டது.

அதைப் பிடித்திருந்த ஆணி சேற்றில் விழுந்து நாங்கள் மூன்று பேரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். பன்றி ஆற அமர நெல்லைத் தின்றுவிட்டு நடந்தே போனது. அந்த ஆணிக்குப் பதிலாக அண்ணன் குடைக்கம்பியை வளைத்து மாட்டினார்.

அப்புறம் ஆயுத பூஜை. தராசு, மூட்டைக் கொக்கி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. ஊ லீவருக்கு மட்டும் அபிஷேகம்! எங்களிடம் ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதானே இருந்தது...

லீவர் இடுக்கெல்லாம் சந்தனம் அப்பி, துருப் பிடிக்காமலிருக்க மேலே நல்லெண்ணெயும் விடுவார் அண்ணன். காய்ந்தால் வஜ்ஜிரம்தான். "சுரண்டி எடுத்துருங்கண்ணே" என்றால், "சாமிக்கு வச்சதை வழிக்கக் கூடாதுப்பா" என்பார். வருஷா வருஷம் மேலே ஒரு பூச்சு.

போன மழைக்காலம். அந்தி நேரம், கொட்டுகிற மழை. கிடங்கு பூட்டிய பிறகுதான் குடையை உள்ளே விட்டது ஞாபகம் வந்தது. வாசலுக்குச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கச் சுவரேறிக் குதித்தேன். அந்த வாரம்தான் பக்கத்துக் கிடங்கில் திருட்டு போயிருந்தது.

எதிரே அண்ணன். குழல் என் நெஞ்சுக்கு நேராக.

"யார்ரா அது! நில்லுடா!"

நான் வாயைத் திறப்பதற்குள் லீவர் இறங்கும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்... ஏறும் சத்தம் வரவில்லை. அண்ணன் அதோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அண்ணே... நான்தாண்ணே."

அண்ணன் துப்பாக்கியைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு மழையிலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் வந்து என் தோளை, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "உள்ள தோட்டா இல்லடா தம்பி. சும்மா மெரட்டத்தான் தூக்குனேன்" என்றார். நம்பினேன். அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் பார்த்தால் அதைக் கோணியில் சுற்றி உத்தரத்தில் கட்டியிருந்தார். ஒருவரையும் தொட விடவில்லை. ஊ லீவர் துறவறம் பூண்டுவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம், அண்ணன் சிரிக்க மாட்டார்.

போன வாரம் முதலாளிக்குத் திடீரென்று ஆசை. ரிப்பேர் பண்ணி மறுபடியும் காவலுக்கு வைக்கப் போகிறாராம். லத்தாவில் ஒரு சீனக் கொல்லரிடம் கோணியோடு அனுப்பிவிட்டார்.

"அது நல்லாகி வந்துச்சுன்னா நான் வேலையை விட்டுர்றேன்டா. இன்னொரு தடவை அதைக் கையில தூக்க என்னால ஆகாது" என்றார் அண்ணன். அவர் குடும்பத்தோடு இருப்பதே கிடங்கு கொடுத்த அறையில்தான். வேலை போனால் கூரையும் போச்சு. இந்த வாரம் முழுக்க எனக்கும் சோறு இறங்கவில்லை.

இன்று மத்தியானம் கொல்லரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். லீவரை நெம்பியதில் உள்ளே அச்சு முறிந்துவிட்டதாம். குழலும் துருவில் பொத்தலாம். ஸ்பேர் எங்கேயும் கிடைக்காதாம். முதலாளி கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஒரு நாய் வளர்ப்போம்" என்றார்.

மா டின் அக்கா புத்தர் கோயிலில் நல்லது நடந்தால் சொல்வதுபோல "சாது, சாது, சாது" என்று கும்பிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் கொல்லர் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். தோட்டா. லீவரிலிருந்து குழலுக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே சிக்கி இருந்ததாம். சந்தனம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

என் சிரிப்பு நின்றது. அண்ணனை வெளியே இழுத்து வந்தேன். "அன்னிக்கு உள்ள தோட்டா இல்லைன்னு சொன்னீங்களேண்ணே?"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியாடா? நான் ஒருத்தன் முழிச்சுக்கிட்டு இருந்தது பத்தாதா" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் விடவில்லை...

ஊ லீவர் பெரியவரே, போய் வாரும் என்று சொல்ல மாட்டேன். போய்விடும்.